ஐந்து கிளாஸும் டீதான், உபதேசியாரே

சேசு மரி சூசை துணை

ஏலப்பாறை,
ஆகஸ்ட் முதல் தேதி, வெள்ளிக்கிழமை.

என் மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய அக்கா இருதயம்மாளுக்கு,

தம்பி மத்தியாஸ் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மனைவி அன்னமேரியும் மகள் டின்சியும் ஆண்டவர் தயவால் சுகமாயிருக்கிறோம். அங்கே சக்குபள்ளத்தில் தாங்களும் அத்தானும் மகன் மருமகளும் இந்த மழைக்குக் கூரை ஒழுகாமல் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். சுகமாயிருக்கிறோம் என்று எழுதினது கடிதத்துக்குக் கொடுக்க வேண்டிய மரியாதைக்காக. உள்ளபடி சொன்னால் காலையிலிருந்து எனக்குத் தலை பிளக்கிறது, நாக்கு தடித்துக் கிடக்கிறது, ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. பிரஷராக இருக்கும் என்று நினைக்கிறேன். அன்னமேரி வேறு ஏதோ நினைக்கிறாள், கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்பீர்கள். தங்கள் மருமகள் செல்வப்பிரியா எந்தப் போன் வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் தங்களிடம் நீட்டுவாள். அவள் தாய்வீட்டுக்கும் சவரியப்பன் உபதேசியார் வீட்டுக்கும் நடுவே ஒரு முள்வேலிதான் இருக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். நாளைக் காலை கட்டப்பனை பஸ்ஸில் நம் பக்கத்து லயத்து வீட்டு முருகேஸ்வரி தங்கள் ஊர் வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தாங்கள் படித்ததும் அடுப்பில் போட்டுவிட வேண்டும்.

நடந்ததை எழுதுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இதில் பாதித் தப்பு தங்கள் தலையில்தான் வருகிறது. உபதேசியார் மகன் டிஜோவுக்கு நம்ம டின்சியைக் கேட்கலாம் என்று முதலில் பேச்செடுத்தது தாங்கள். பையன் ஏலக்காய் ஏலம் விடும் கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறான், பீடி கிடையாது, வெற்றிலைகூடக் கிடையாது, தகப்பனார் முப்பது வருஷமாகக் கோவிலில் உபதேசியார், அதுவும் போதாதென்று அந்தப் பக்கம் குடியை எதிர்க்கிற மதுவிரோத சமிதிக்குத் தலைவர் என்று சொன்னதும் தாங்கள். பெண் என்ன செய்கிறாள் என்று அவர் கேட்டபோது, டீ ஃபேக்டரியில் ருசி பார்க்கிற வேலை என்று பதில் சொன்னதும் தாங்கள். போன வருஷம் தொடக்கம் வரைக்கும் அது உண்மைதான். ஃபேக்டரியைப் பூட்டினார்கள், டீமேக்கராக இருந்த நான் வீட்டில் உட்கார்ந்து கோழி விரட்டுகிறேன், டின்சி நாக்கு நல்ல நாக்கு என்று கேள்விப்பட்ட மேட்டு ரிசார்ட்காரர்கள் அவளைக் கூப்பிட்டு, நாசிக் வரைக்கும் அனுப்பிப் படிக்கவைத்து, இப்போது அவள் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஒயினை எப்படிப் பார்ப்பது, எப்படி மோந்து பார்ப்பது, எப்படி ருசிப்பது என்று வகுப்பு எடுக்கிறாள். முன்பின் ஒயினைத் தொட்டே இராதவர்களுக்கான வகுப்பு. இது தங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஏலப்பாறைக்கே தெரியும். சக்குபள்ளத்துக்கு மட்டும் கல்யாணம் முடிகிற வரை தெரிய வேண்டாம் என்று முடிவெடுத்தது நாம் இரண்டு பேரும்.

ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்று தாங்கள் நினைக்கலாம். டின்சிக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. வந்த வரன்களை எல்லாம் போட்டோவைப் பார்த்ததுமே இட்லித் தட்டை ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கினாள். இந்த டிஜோ போட்டோவைக் காட்டினபோதுதான் வாங்கிக்கொண்டு போய், கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். நான் பார்த்துவிட்டேன். அந்தச் சிரிப்பைப் பார்த்ததிலிருந்து, இந்தச் சம்பந்தம் என்னால் கெட்டுப்போய்விடக் கூடாதே என்று ராத்திரி தூக்கமில்லாமல் கிடக்கிறேன். இப்போது அது கெட்டுவிட்டதா இல்லையா என்றே தெரியவில்லை.

பெண் பார்க்க உபதேசியார் எப்போது வரலாம் என்று கேட்டதற்கு ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி என்று நாள் குறித்ததும் தங்கள் மூளைதான். ஒண்ணாந்தேதி கேரளத்தில் ஒரு மதுக்கடையும் திறக்காது, ரிசார்ட்டிலும் வகுப்பு கிடையாது, டின்சி வீட்டில் பூப்போட்ட சேலை கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருப்பாள் என்று கணக்குப் போட்டீர்கள். நானும் தலையாட்டினேன். அந்த ஒண்ணாந்தேதி, மாதத்தின் முதல் வெள்ளி என்று நம் இரண்டு பேரில் ஒருவருக்காவது தோன்றியதா? உன் பேரே இருதயம்மாள், முதல் வெள்ளி திரு இருதயப் பூசையை நீ மறக்கலாமா அக்கா? உபதேசியார் முதல் வெள்ளியன்று கோவிலை விட்டுவிட்டுப் பெண் பார்க்க வருவாரா? அவர் ஒரு நாள் முன்னாலேயே, நேற்று வியாழக்கிழமையே, ஒரு போன் இல்லாமல், ஒரு தகவல் இல்லாமல் வந்து நின்னுட்டார்.

நான் அப்போது வாசலில் விறகுக்கு மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். இடுப்பில் ஒரு துண்டு, தலையில் ஒரு பிளாஸ்டிக் கவர். பார்த்தால் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, முற்றத்தில் மனுசன் நிற்கிறார். டிஜோ வரலியா என்று கேட்டேன், லீவு கிடைக்கவில்லை என்றார். பொண்ணு எங்கே என்றார். வேலைக்குப் போயிருக்கு என்றேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அப்ப அங்கயே போயிருவோம் மத்தியாஸ். வீட்டுல வச்சுப் பாத்தா எல்லாப் பொண்ணும் ஒரே மாதிரிதான் காப்பித் தட்டோட வந்து நிக்கும். வேலை செய்யிற எடத்துல பாக்கணும்" என்றார்.

வழியில் மண் சரிந்திருக்கிறது என்றேன். இப்போதுதான் அந்த வழியாக வந்தேன் என்றார். அட்டை கடிக்கும் என்றேன். அட்டைக்குப் பயப்படுகிறவன் சக்குபள்ளத்தில் குடியிருப்பானா என்றார். காப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்று அன்னமேரியை உள்ளே அனுப்பி, நான் பின்பக்கம் ஓடிப்போய் டின்சிக்குப் போன் போட்டால், வகுப்பு நேரத்தில் அவள் போனை அணைத்து வைப்பாள். பத்துத் தடவை போட்டேன், பத்துத் தடவையும் மலையாளத்தில் ஒரு பெண் மன்னிப்புக் கேட்டது. அன்னமேரி அடுப்படியில் மாதா படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாளே தவிர ஒரு யோசனை சொல்லவில்லை.

சரி, பூட்டிக் கிடக்கிற ஃபேக்டரிக்குக் கூட்டிக்கொண்டு போய், கேட்டைக் காட்டி, அடடா இன்றைக்கு லீவு விட்டுவிட்டார்கள் போல என்று கையை விரிக்கலாம் என்று ஒரு திட்டம் போட்டேன். நல்ல திட்டம்தான். கருத்தப்பாண்டி ஜீப்பைக் கூப்பிட்டு, ஃபேக்டரிக்கு விடப்பா என்று கண்ணால் சாடை காட்டினேன். அவன் பிறந்ததிலிருந்து யார் சாடையும் அவனுக்குப் புரிந்ததில்லை. "ஃபேக்டரியில என்ன இருக்கு, பேய்தான் இருக்கு. டின்சி வேலை பாக்குற ரிசார்ட்டுக்குத்தான போகணும்? ஏறுங்க" என்று அவர் காது கேட்கச் சொல்லிவிட்டான்.

உபதேசியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அக்கா, அப்போதாவது நான் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்ற சிரிப்பு ஞாபகம் வந்துவிட்டது. டீக் கம்பெனிக்காரர்கள் ரிசார்ட்டில் ஒரு ஹால் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், வருகிற டூரிஸ்டுகளுக்கு அங்கே வைத்துத்தான் டீ ருசி பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பொய், முழுசாகக் காய்ச்சி வடிகட்டின மாதிரி வந்தது. அவர் "ஓ" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மேட்டு ரிசார்ட்டுக்குப் போகிற வழி தங்களுக்குத் தெரியும். வளைவுக்கு வளைவு மூடுபனி, இந்தப் பக்கம் தேயிலை, அந்தப் பக்கம் பாதாளம். கருத்தப்பாண்டி ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் கண்ணாடியைத் துடைக்கிறான். ஜீப் பாதாளத்தில் விழுந்தால்கூடத் தேவலை என்று நான் உட்கார்ந்திருந்தேன். விழவில்லை. போய் இறங்கினால் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு வைத்திருக்கிறான், ஒரு பெரிய கிளாஸ் படம் போட்டு, ஒயின் என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்தில். உபதேசியார் கையிலிருந்த குடையைப் பிடுங்கி, நனைஞ்சிரப் போறீங்க என்று சொல்லிக்கொண்டே போர்டுக்கும் அவருக்கும் நடுவில் விரித்துப் பிடித்து, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். அங்கே கூரை இருக்கிறது, மழை விழாது என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை.

ஹாலுக்குள் நீள மேசை போட்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கொச்சியிலிருந்து வந்த புதுசாய்க் கட்டின ஜோடி ஒன்று. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரி ஒரு அம்மாள், நாச்சம்மாள் என்று பேர், தன் தங்கச்சிமார்களோடு வந்திருந்தார். மேசையின் கடைசியில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. வர வேண்டிய யாரோ வரவில்லை போலும், எங்கள் நேரம் அப்படி. ஒவ்வொருத்தர் முன்னாலும் ஐந்து ஐந்து கிளாஸ், கழுத்து நீண்ட கிளாஸ். நடுவில் துப்புவதற்கு ஒரு பானை. டின்சி முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். பார்த்து, ஒரு நொடி நிறுத்தினாள். ஓடிவந்து காலைத் தொடுவாளோ, அழுவாளோ என்று நான் பயந்தேன். "வாங்க, உக்காருங்க, இப்பத்தான் ஆரம்பிச்சோம்" என்று மற்றவர்களுக்குச் சொல்வது மாதிரியே சொல்லிவிட்டு வகுப்பைத் தொடர்ந்தாள்.

உபதேசியார் உட்கார்ந்தார். கைகளைக் கோர்த்து மேசையில் வைத்துக்கொண்டார். இப்பல்லாம் டீயை ஆறவச்சு இப்படிக் கண்ணாடிக் கிளாஸ்லதான் ருசி பாக்கிறாங்க, வெளிநாட்டுக்காரன் கண்டுபிடிச்சது என்று அவர் காதில் சொன்னேன். டின்சியோ வரிக்கு ஒரு தடவை ஒயின் ஒயின் என்கிறாள். அவள் அந்த வார்த்தைக்கு வரும்போதெல்லாம் நான் சத்தமாக இருமினேன். நாலைந்து இருமலுக்குப் பிறகு கொச்சிக்காரன் எழுந்து மாஸ்க் போட்டுக்கொண்டான்.

முதல் கிளாஸ் வெளிறின மஞ்சள் நிறம். உபதேசியார் அதைத் தண்டில் பிடித்துத் தூக்கினார், வெளிச்சத்தில் பார்த்தார், மூக்குக்குக் கொண்டுபோனார். அக்கா, முப்பது வருஷமாகத் தினம் காலையில் பூசைக்கான திராட்சை ரசத்தைக் குப்பியில் ஊற்றிவைக்கிறவரின் மூக்கு அது.

"மத்தியாஸ், இது டீதானா?" என்று கேட்டார்.

"டீதான், உபதேசியாரே. வெள்ளை டீ. மொட்டை மட்டும் கிள்ளி எடுக்கிறது" என்றேன். அவர் உதட்டில் வைப்பதற்குள், இதில் இனிப்பு ஜாஸ்தி, உங்க சுகருக்கு ஆகாது என்று கிளாஸை வாங்கி என் வாயில் ஊற்றிக்கொண்டேன். என்னுடையதையும் ஊற்றிக்கொண்டேன், ஒன்றை மட்டும் குடித்தால் சந்தேகம் வரும் என்று. ஊற்றிக்கொண்டு, ஃபேக்டரிப் பழக்கத்தில் சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பலாம் என்று பானைப் பக்கம் குனிந்தால், மனுசன் முகத்தைப் பார்க்கிறேன். பீடத்தில் ரசம் சிந்தினதைப் பார்த்தவர் மாதிரி முகம் சுருங்கிக் கிடக்கிறது. மேசையில் எல்லாரும் துப்புகிறார்கள், ஒவ்வொருத்தர் துப்பும்போதும் அவர் கண்ணை மூடித் திறக்கிறார். டீதான் என்று நான் சொல்லியிருக்கிறேன், டீ என்றால் துப்பலாம், தப்பில்லை. ஆனால் அது டீ இல்லை என்று எனக்குத் தெரியுமே. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைத் துப்ப என்னால் முடியவில்லை. விழுங்கிவிட்டேன்.

இப்படித்தான் போச்சு அக்கா. ரெண்டாவது கிளாஸ், டீதானா என்கிறார், டீதான் என்கிறேன், கிரீன் டீ என்கிறேன், அவருடையதையும் குடிக்கிறேன், என்னுடையதையும் குடிக்கிறேன். மூணாவது ரோஸ் கலர், அது செம்பருத்திப் பூப் போட்ட டீ என்றேன். அந்த நேரம் பார்த்து எதிரில் இருந்த நாச்சம்மாள் அம்மாள் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்த ஒயினு நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா நீங்க துப்பறதே இல்லீங்களே, ரெண்டு பேத்துதையும் நீங்களே முழுங்கறீங்க?" என்று ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டார். உபதேசியார் தலையை மெதுவாக என் பக்கம் திருப்பினார். பாலக்காட்டுப் பக்கம் டீயை அப்படித்தான் சொல்வாங்க, தமிழே வேற அங்க என்று சொல்லிவிட்டேன். அந்தம்மா தங்கச்சியைப் பார்த்தார். உபதேசியார் இதற்கும் "ஓ" என்றார்.

நாலாவது கிளாஸில்தான் எனக்கு ஒன்று நடந்தது, அதை எழுதாமல் இருக்க முடியவில்லை. டின்சி சிவப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கொச்சிப் பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் பாவம், தனக்கு ஒரு ருசியும் தெரியவில்லை என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தது. டின்சி அதனிடம், தெரியலன்னு சொல்றதுக்கு வெக்கப்படவே வேண்டாம், உன் நாக்கு உனக்கு என்ன சொல்லுதோ அதை அப்படியே சொல்லு, நான் கேட்டுக்கறேன் என்றாள். அந்தப் பிள்ளை யோசித்து, மழை பெய்த மண் மாதிரி இருக்கு என்றது. அதுதான், அதேதான் என்று டின்சி சொன்னபோது அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஃபேக்டரியில் முப்பத்தைந்து வருஷம் ருசி பார்த்திருக்கிறேன், இப்படி ஒருத்தருக்கு எடுத்துச் சொல்ல எனக்கு வந்ததில்லை. என் மகள் என்று எழுந்து நின்று சொல்லத் தோன்றியது. அந்த நேரத்தில்தான் பக்கத்திலிருந்து "இதுவும் டீதானா மத்தியாஸ்?" என்று குரல் வந்தது. டஸ்ட் டீ, நம்ம கடை டீதான், ஸ்ட்ராங்கா கொதிக்கவிட்டது என்று சொல்லி இரண்டு கிளாஸையும் கவிழ்த்துக்கொண்டேன். பெருமையும் போச்சு, கண்ணீரும் போச்சு.

அஞ்சாவது கிளாஸுக்கு என்ன டீ என்று சொன்னேன் என்பது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. டீதான், உபதேசியாரே என்று சொன்னது மட்டும் நிச்சயம். ஹாலில் காற்றோட்டம் போதாது அக்கா, மேசை லேசாக மிதந்தது. வகுப்பு முடிந்து எழுந்தபோது பாவம் உபதேசியாருக்குக் கால் நிலைகொள்ளவில்லை. நெடுநேரம் உட்கார்ந்ததால் இருக்கும். என் இடுப்பைச் சுற்றி இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு, மெதுவா, மெதுவா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். டின்சி வாசல் வரை வந்தாள், அவரிடம் ஏதோ பேசினாள், அவரும் ஏதோ கேட்டார், மழைச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மலை இறங்கும்போது ஜீப்பில் யாரோ மாதா பாட்டைத் தொண்டை கிழியப் பாடிக்கொண்டு வந்தார்கள். உபதேசியார்தான் பாடியிருக்க வேண்டும், குரல் மட்டும் என் குரல் மாதிரி இருந்தது. பாதி வழியில் ஜீப்பை நிறுத்தி யாரோ வேலியோரம் போய்க் குனிந்து நின்றதும் ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பிரஷர் என்று படுக்கவைத்துவிட்டார்கள். அவர் அடுப்படியில் அன்னமேரியோடு ஏதோ பேசினார். கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு அக்கா வீட்டில் முடிவு சொல்லிவிடுகிறேன் என்றார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

இப்ப நீ செய்ய வேண்டியது இதுதான், கவனமாக் கேளு. இது கைக்கு வந்த உடனே உபதேசியார் வீட்டம்மாவைப் போய்ப் பாரு. மலைப்பாதையில் வளைவு வளைவாய்ப் போனதில் உபதேசியாருக்குத் தலை சுற்றிவிட்டது, மத்தியாஸ்தான் கைத்தாங்கலாய்ப் பிடித்து வந்தான் என்று நீ முந்திச் சொல்லிவிடு. வேட்டியில் வாடை அடித்தால் அது இருமல் மருந்து, என் மேல் இருந்தது அவர் மேல் பட்டுவிட்டது என்று சொல்லு. எல்லாம் டீதான் என்று அடித்துச் சொல்லு. அப்படியும் அந்தம்மா முகம் கோணினால், மனசம்மத நிச்சயம் முடிந்த மறுநாளே பெண் அந்த வேலையை விட்டுவிடும், வீட்டில் இருந்து சோறு ஆக்கும் என்று நான் வாக்குக் கொடுத்ததாகச் சொல்லிவிடு. இதை டின்சியிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. நேற்று அவள் நின்ற நிற்பைப் பார்த்த பிறகு இன்னும் இல்லை. ஆனால் அவள் சிரித்த சிரிப்பும் வேண்டுமே, நான் என்ன செய்வேன் அக்கா, நீயே சொல்லு.

தாங்கள் மழையில் நனையாமல், மூட்டுவலிக்கு எண்ணெய் போட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியது. அத்தானுக்கு என் நமஸ்காரம். மருமகப் பிள்ளைகளுக்கு என் ஆசீர். குடும்பத்தின் மேல் எந்நாளும் மாதாவின் முந்தானை நிழலாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல் தட்டாத தம்பி,
மத்தியாஸ்

பி.கு.: அத்தைக்கு டின்சி எழுதுகிறேன். இதைக் கவரில் போட்டு ஒட்டிவிடு, படிக்காதே என்று அப்பா என்னிடம் கொடுத்தார். படிக்காதே என்று சொல்லியிருக்காவிட்டால் படித்திருக்க மாட்டேன். அத்தை, நீங்கள் யார் வீட்டுக்கும் போக வேண்டாம், எந்த வாடையைப் பற்றியும் பேச வேண்டாம். உபதேசியார் மாமாவுக்கு நேற்று ஒரு தலைசுற்றலும் இல்லை. அப்பாவைத்தான் அவரும் கருத்தப்பாண்டி அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி வந்தார்கள். பாட்டும் அப்பாவுடையது, வேலியும் அப்பாவுடையது. டிஜோ போன கிறிஸ்துமஸுக்கு அவன் ஆபீஸ்காரர்களோடு என் வகுப்புக்கு வந்தவன். என் வேலை என்ன என்று அவன் வீட்டில் முதல் நாளே சொல்லிவிட்டான். மாமா வியாழக்கிழமை வருகிறார் என்பதையும் முன்கூட்டியே சொன்னான், அந்த இரண்டு நாற்காலியும் நான் போட்டுவைத்தது. ரிசார்ட் வாசலில் மாமா என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உன் வேலையைப் பாக்க நான் வரலம்மா. உங்கப்பா அதைத் தன் வாயால சொல்றாரான்னு பாக்க வந்தேன். ஆண்டவரைத் தெரியாதுன்னு இராயப்பரே மூணு தடவைதான் மறுதலிச்சாரு. இவரு அஞ்சு." குடியை எதிர்த்துப் பேசுகிறவன்தான் நான், அதை இனியும் பேசுவேன், உன்கிட்டயும் பேசுவேன், ஆனா நீ மறைக்கலியே என்றும் சொன்னார். அவர்களுக்குச் சம்மதம்தான் அத்தை. ஒரு கண்டிஷன் மட்டும் இருக்கிறது. கோவிலில் கல்யாண ஓலை வாசிப்பதற்கு முன் அப்பா நாலு பேர் முன்னால் என் வேலை என்ன என்று பேர் சொல்லிச் சொல்ல வேண்டும். அது மாமா போட்ட கண்டிஷன் இல்லை, நான் போட்டது. கவரை ஒட்டாமல் மேசையிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். இன்று வகுப்பு இல்லை, கிளாஸ் கழுவுகிற நாள்.

மறுபடியும் பி.கு.: அக்கா, மேலே அவள் எழுதியிருப்பதைப் படித்தேன். நான் செய்யச் சொன்னதில் எதையும் செய்ய வேண்டாம். வேலையை விடுவாள் என்கிற அந்த வாக்கை முதலில் அழித்துவிடு, நானே அடித்துவிடலாம் என்றால், அழுத்தி எழுதியதில் எழுத்து தாளின் பின்பக்கமும் பதிந்துவிட்டது, அடித்தாலும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆட்கள் கலைவதற்குள் இங்கே கோவில் முற்றத்தில் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். அந்த நேரம் வாய் குழறக் கூடாதே. அதனால் உன்னிடம் முதலில் சொல்லிப் பழகிக்கொள்கிறேன். என் மகள் டின்சி மேட்டு ரிசார்ட்டில் ஒயின் ருசி பார்க்கச் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார். நல்லாச் சொல்லிக் கொடுக்கிறா. நான் உட்காந்து படிச்சிருக்கேன்.